மோதிரத்தின் இரு பக்கம் – வெஸ்ட் பாயின்ட் பயணக் குறிப்புகள்

முதல் நாள்: ஹைலண்ட் ஃபால்ஸ்

அப்பாவின் தொப்பியில் இருந்த யானையைத் துலக்குவது சின்ன வயதில் என் வேலை. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் தொப்பியிலிருந்து அதைக் கழற்றி என்னிடம் கொடுப்பார். பழைய பனியன் துணியில் இரண்டு சொட்டு பிராசோ விட்டு, பித்தளை மஞ்சளாக மின்னும்வரை தேய்ப்பேன். கேடயத்தில் யானை, குறுக்காக இரண்டு வாள். மெட்ராஸ் ரெஜிமென்ட். ஏன் யானை என்று அவரிடம் நான் ஒருநாளும் கேட்கவில்லை. அவர் போன பிறகுதான் 1803இல் நடந்த அசாயே போரைப் பற்றிப் படித்தேன். பிரிட்டிஷ் தளபதி வெல்லெஸ்லியின் கீழ் மராட்டியரை எதிர்த்துப் போரிட்ட மெட்ராஸ் பட்டாளங்களுக்கு மரியாதையாகக் கிடைத்த யானை அது. கம்பெனிக்காகச் சிந்திய ரத்தம். அப்பா பெருமையோடு தலையில் சுமந்த சின்னத்துக்குள் வீரமும் இருந்தது, யாருக்காக என்ற உறுத்தலும் இருந்தது. அன்றிலிருந்து எந்தச் சின்னத்தைக் கண்டாலும் அதற்குள் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்க்காமல் என்னால் நகர முடிவதில்லை.

போன முறை மகளைப் பார்க்க அமெரிக்கா வந்தபோது, விமான நிலையத்தில் எதிரே உட்கார்ந்திருந்த ஒருவரின் விரலில் கனத்த தங்க மோதிரம். நடுவில் கல். கல்லின் இருபக்கமும் ஏதோ செதுக்கியிருந்தது. "அது வெஸ்ட் பாயின்ட் மோதிரம்மா. ஒரு பக்கம் அகாடமியோட சின்னம், இன்னொரு பக்கம் அவங்க பேட்ச்சோட சின்னம். அதை அந்த பேட்ச் பசங்களே வரைவாங்க" என்றாள் மகள். ஒரு நாட்டின் ராணுவக் கல்லூரியில், ஒவ்வோர் ஆண்டும் சேரும் பிள்ளைகள் தங்களுக்கென்று ஒரு சின்னத்தைத் தாங்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள் என்பது என்னை விடவில்லை. இந்த முறை வந்ததும் முதலில் கேட்டது இதைத்தான்: "வெஸ்ட் பாயின்டுக்குக் கூட்டிட்டுப் போவியா?"

இன்று மதியம் நியூஜெர்சியிலிருந்து கிளம்பினோம். பாலிசேட்ஸ் சாலை முழுக்க மரங்கள். அக்டோபர் மாதம் என்பதால் ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு நிறம். மஞ்சளும் குங்குமச் சிவப்பும் மாறி மாறி வந்தன. பேர் மவுண்டன் தாண்டி 9டபிள்யூ நெடுஞ்சாலையில் வடக்கே ஏறினால் ஹைலண்ட் ஃபால்ஸ் என்ற சிற்றூர். அகாடமியின் வாசலை ஒட்டியே இருக்கிறது. நியூயார்க் நகரத்திலிருந்து சுமார் 80 கிலோமீட்டர்தான்.

அறையில் பையை வைத்துவிட்டு நடந்துவிட்டு வந்தோம். கடை சன்னல்களில் கருப்பு, சாம்பல், பொன் நிறக் கொடிகள். அகாடமியின் நிறங்கள் இவை. கருப்பு என்பது கரி, சாம்பல் என்பது வெடியுப்பு, பொன் என்பது கந்தகம். மூன்றும் சேர்ந்தால் வெடிமருந்து. சிவகாசிப் பக்கம் போய் இந்த மூன்று பெயரையும் சொன்னால் சின்னப் பிள்ளைகூட மிச்சத்தைச் சொல்லிவிடும். கொடியின் நிறத்தையே வெடிமருந்திலிருந்து எடுத்தவர்கள் சின்னத்தில் என்னென்ன வைத்திருப்பார்கள் என்ற நினைப்போடு படுக்கப் போகிறேன்.

இரண்டாம் நாள்: உள்ளே

பார்வையாளர் நிலையத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டி, பேருந்துச் சுற்றுலாவுக்குச் சீட்டு வாங்கினோம். இது இன்றும் இயங்கும் ராணுவத் தளம். நினைத்தபடி உள்ளே நடந்துவிட முடியாது. வழிகாட்டியாக வந்த அம்மா நிதானமாகப் பேசினார். எனக்குப் புரியாத இடங்களில் மகள் காதோரம் சொன்னாள்.

முதலில் அகாடமியின் சின்னத்தைச் சொல்லிவிடுகிறேன். பேட்ச் சின்னங்கள் எல்லாவற்றுக்கும் தாய் அதுதான். அகாடமி தொடங்கியது 1802இல்; சின்னம் வந்ததோ 1898இல். ஒரு கேடயம். அதன் மேல் ஒரு கிரேக்க வாள். வாளின் மேல் ஒரு தலைக்கவசம். அது அதீனாவின் தலைக்கவசம். அதீனா கிரேக்கர்களின் போர்த் தெய்வம், அறிவின் தெய்வமும் அவளே. நம் ஊரில் கொற்றவை ஒருத்தி, கலைமகள் ஒருத்தி. அங்கே இரண்டும் ஒரே பெண். படைவீரனுக்கு வாள் மட்டும் போதாது, தலைக்குள்ளும் ஏதாவது வேண்டும் என்பதைத்தான் அந்தக் கவசம் சொல்கிறது. பொறியியல் கல்லூரியாகவே பெயரெடுத்த இடம் இது என்பதை நினைத்தால் பொருத்தம் இன்னும் கூடுகிறது. பெண்களைச் சேர்த்துக்கொள்ள 1976 வரை காத்திருந்த கல்லூரி, அதற்கு 78 ஆண்டு முன்பே ஒரு பெண் தெய்வத்தின் கவசத்தைத் தன் கேடயத்தில் வைத்துக்கொண்டிருக்கிறது. அந்த முதல் ஆண்டில் 119 பெண்கள் சேர்ந்தார்கள். 1980இல் பட்டம் பெற்று வெளியே வந்தவர்கள் 62 பேர். அந்த 62 பேர் மோதிரம் போட்டுக்கொண்ட நாளில் அதீனாவை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று பேருந்தில் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கேடயத்துக்கு மேலே சிறகு விரித்த கழுகு. அதன் பிடியில் 13 அம்புகள். தொடக்கத்தில் இருந்த 13 மாநிலங்களுக்காக. இந்தக் கழுகுக்கும் கவசத்துக்கும் ஒரு கதை உண்டு. கோயிலில் சுவாமிக்கு வலப்பக்கம் என்றால் கும்பிட்டு நிற்கிற நமக்கு அது இடப்பக்கம். ஐரோப்பியர்களின் சின்னக் கலையிலும் அதே கணக்குதான். கேடயத்தைப் பிடித்து நிற்பவனின் வலமே வலம். இடப்பக்கம் அவர்களுக்கும் அவ்வளவு சுபமில்லை. 1898இல் வரைந்தவர்கள் கழுகையும் கவசத்தையும் இடப்பக்கம் பார்க்க வைத்துவிட்டார்கள். 25 ஆண்டு அப்படியே ஓடியது. 1923இல்தான் இரண்டின் முகத்தையும் வலப்பக்கம் திருப்பினார்கள். ஒரு முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதற்காக ஒரு படையே தன் சின்னத்தை மாற்றி வரைந்திருக்கிறது! எனக்கு இது மிகவும் பிடித்துப்போனது. அற்ப விஷயம் என்று யாரும் விட்டுவிடவில்லை.

சின்னத்தில் மூன்று சொற்கள். கடமை, மானம், நாடு. நடுச் சொல்லுக்குக் 'கௌரவம்' என்று எழுதலாமா என்று யோசித்துவிட்டு 'மானம்' என்றே எழுதுகிறேன். வள்ளுவர் தனி அதிகாரம் வைத்த சொல். இங்கே அதற்கு நடைமுறைப் பொருளும் இருக்கிறது. கேடட், அதாவது இங்கே படிக்கும் மாணவன், பொய் சொல்ல மாட்டான், ஏமாற்ற மாட்டான், திருட மாட்டான், அப்படிச் செய்பவரைப் பொறுத்துக்கொள்ளவும் மாட்டான் என்பது இங்குள்ள விதி. 1951இல் தேர்வில் நடந்த முறைகேட்டுக்காக 90 கேடட்கள் வெளியேற நேர்ந்தது. சின்னத்தில் எழுதியிருக்கும் சொல்லுக்கு இவ்வளவு விலை உண்டு. நம் பரங்கிமலை ராணுவப் பயிற்சி அகாடமியின் வாசகமும் மானத்தோடு பணியாற்றச் சொல்வதுதான். அந்த வழியாக எத்தனை முறை போயிருக்கிறேன், ஒருமுறைகூட நின்று யோசித்ததில்லை.

கேடட் தேவாலயம் குன்றின் மேல் நிற்கிறது. 1910இல் கட்டியது, சாம்பல் நிறக் கருங்கல். உள்ளே இருக்கும் ஆர்கன் இசைக்கருவிக்கு 23,000க்கும் மேற்பட்ட குழல்கள் என்றார்கள். நான் அண்ணாந்து பார்த்தது சன்னல்களை. வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள். அவற்றில் பல, பட்டம் பெற்றுப் போன பேட்ச்கள் ஆண்டுதோறும் கொடையாகத் தந்தவை. நம் கோயில் டியூப்லைட்டில் உபயம் எழுதுகிற பழக்கம் நினைவுக்கு வந்தது. ஆனால் இங்கே தனி ஆளின் பெயர் முன்னால் நிற்பதில்லை, ஆண்டுதான் நிற்கிறது. அந்த ஆண்டில் நாங்கள் எல்லோரும் இருந்தோம் என்கிறார்கள்.

டிராஃபி பாயின்ட் என்ற மேட்டிலிருந்து ஹட்சன் ஆறு இரண்டு மலைகளுக்கு நடுவே வடக்கிலிருந்து வருவது தெரியும். அந்த இடத்தில் நான் நின்ற நேரத்தை மகள் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வட்டமாகக் கிடக்கிறது ஒரு இரும்புச் சங்கிலியின் மிச்சம். 1778இல், அமெரிக்க விடுதலைப் போரின்போது, பிரிட்டிஷ் கப்பல்கள் மேலே ஏறி வராமலிருக்க, ஆற்றின் இந்தக் கரையிலிருந்து எதிரே இருக்கும் கான்ஸ்டிட்யூஷன் தீவு வரைக்கும் கட்டைகளை மிதக்கவிட்டு அவற்றின் மேல் போட்ட சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் ஏறக்குறைய 50 கிலோ. எஞ்சியிருப்பவை 13 கண்ணிகள். அந்தச் சங்கிலியை மோதிப் பார்க்க எந்தக் கப்பலும் வரவில்லை.

கண்ணி என்று எழுதும்போதே கை நின்றது. முப்பது வருடம் தமிழ் நடத்தியவளுக்கு இந்தச் சொல்லைச் சும்மா தாண்டிப் போக முடியாது. சங்கிலியின் வளையமும் கண்ணிதான், சங்க காலத்து வீரன் தலையில் சூடிய பூவும் கண்ணிதான். சேரனின் படை பனம்பூவையும், பாண்டியனின் படை வேப்பம்பூவையும், சோழனின் படை ஆத்திப்பூவையும் சூடியதைத் தொல்காப்பியம் சொல்கிறது. எதற்காக? போர்க்களத்தில் யார் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். உலகத்தில் படைச்சின்னம் பிறந்ததே இந்தத் தேவையில்தான். பூ ஒருநாளில் வாடும். இரும்பும் பொன்னும் வாடாது என்பதால் பின்னால் வந்தவர்கள் அவற்றில் செய்துகொண்டார்கள்.

பக்கத்திலேயே போர் நினைவுத் தூண். 1897இல் திறந்தது. ஒரே கல்லில் கடைந்த உயரமான தூண், உச்சியில் சிறகோடு ஒரு பெண் உருவம். அமெரிக்காவின் வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போரில் இறந்த நிரந்தரப் படையினர் 2,230 பேருக்காக எழுப்பியது. வடக்கின் பக்கம் இறந்தவர்களுக்கு மட்டும். அந்தப் போரின் இரண்டு பக்கத்திலும் வெஸ்ட் பாயின்ட்காரர்களே தளபதிகள். 1846ஆம் ஆண்டு பேட்ச்சில் 59 பேர் பட்டம் பெற்றார்கள். இரண்டாமிடம் மெக்லெல்லன், பின்னாளில் வடக்கின் பெருந்தளபதி. பதினேழாமிடம் ஸ்டோன்வால் ஜாக்சன், கடைசி இடம் பிக்கெட். இருவரும் தெற்கின் தளபதிகள். ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் ஒருவர் மேல் ஒருவர் பீரங்கி வைத்தார்கள். யார் எந்தப் பக்கம் என்று காட்டத்தான் சின்னம் என்று இப்போதுதானே எழுதினேன்? இவர்களுக்கு உடையும் கொடியும் ஒரு பக்கம் சொல்லின, கூடப் படித்த நினைவு இன்னொரு பக்கம் சொன்னது. அந்தத் தூணின் அடியில் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

கடைசியாகக் கல்லறைத் தோட்டமும் அதன் வாசலில் இருக்கும் பழைய தேவாலயமும். 1836இல் கட்டிய தேவாலயம். புதியது வந்ததும் இடிக்க மனமில்லாமல் கல் கல்லாகப் பெயர்த்து இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே சுவரில் கருப்புப் பளிங்குக் கேடயங்கள், விடுதலைப் போரின் தளபதிகளுக்கு ஆளுக்கொன்று. அவற்றில் ஒன்றில் பதவி இருக்கிறது, பிறந்த ஆண்டு இருக்கிறது, பெயர் இல்லை. பெனடிக்ட் ஆர்னால்டுக்கு உரிய கேடயம் அது. 1780இல் இதே வெஸ்ட் பாயின்ட் கோட்டையைப் பணத்துக்குப் பிரிட்டிஷாரிடம் ஒப்படைக்கத் துணிந்தவர். அவருடைய கேடயத்தை அகற்றியிருக்கலாம். அகற்றவில்லை. இடம் கொடுத்து, பெயரை மட்டும் எடுத்துவிட்டார்கள். அங்கே இருந்த எல்லாச் சின்னங்களையும்விட அந்தப் பெயரில்லாத கேடயத்தின் முன்னால்தான் கூட்டம் அதிக நேரம் நின்றது.

மூன்றாம் நாள்: காலைச் சாப்பாட்டுக் கடை

இன்றைக்கு அருங்காட்சியகம் பார்க்கும் திட்டம். பார்த்தோம், இலவசம்தான், ஆயுதங்கள் ஏராளம். ஆனால் இன்றைய நாள் அதற்கு முன்பே, காலையில் சாப்பிட்ட கடையிலேயே நிறைந்துவிட்டது.

இலையுதிர் காலத்தில் பழைய மாணவர்கள் ஒன்றுகூட வருவார்கள் போலிருக்கிறது. பக்கத்து மேசையில் நான்கு பெரியவர்கள், நால்வர் விரலிலும் மோதிரம். நான் பார்ப்பதை ஒருவர் கவனித்துவிட்டார். மகள் கூச்சத்தோடு, "எங்கம்மா இந்த மோதிரத்தைப் பத்தித் தெரிஞ்சுக்கத்தான் இந்தியாவிலிருந்து வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டாள். பாதிதான் உண்மை. ஆனால் அந்தப் பெரியவர் தன் காப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கே வந்து உட்கார்ந்தார். மோதிரத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். கனம் என்னைத் திடுக்கிட வைத்தது.

1970களில் பட்டம் பெற்றவர். ஒரு பக்கத்தில் அதீனாவின் கவசமும் கழுகும் ஓரளவு தெரிந்தன. அடுத்த பக்கம் ஏறக்குறைய வழவழப்பாகிவிட்டது. ஆண்டு எண் மட்டும் மிச்சம்.

"இதுதான் எங்கள் பேட்ச் சின்னம்" என்றார், தேய்ந்த பக்கத்தைக் காட்டி. "கழுகு இருந்தது, வாள் இருந்தது. வாளை உறையோடு போடுவதா உருவிப் போடுவதா என்று சண்டையே நடந்தது. நாங்கள் சேர்ந்தபோது வியட்நாமில் போர் ஓடிக்கொண்டிருந்தது. பத்தொன்பது வயதுப் பையன்களுக்கு அது சின்ன விஷயமில்லை."

"எப்படி முடிவாச்சு?"

"உருவியது. ஆனால் முனை தரையைப் பார்த்து."

ஒவ்வொரு பேட்ச்சும் இதற்கென்று தங்களுக்குள் ஒரு குழு வைத்துக்கொள்கிறது. சின்னம் வரைவதும் மோதிரத்தைத் தீர்மானிப்பதும் அந்தக் குழுவின் பொறுப்பு. அகாடமியிலிருந்து எடுப்பவை சில எப்போதும் வரும்: கவசம், வாள், கழுகு, கொடி. அவற்றை எப்படி அடுக்குவது, எது மேலே எது கீழே, கூட எதைச் சேர்ப்பது என்பதில்தான் அந்த ஆண்டின் மனசு தெரியும். சின்னத்தோடு ஒரு வாசகமும் உண்டு. வாசகத்துக்கு ஒரு மரபு இருக்கிறதாம்: கடைசிச் சொல் அவர்கள் பட்டம் பெறும் ஆண்டின் எண்ணோடு ஒலியில் ஒத்துப்போக வேண்டும். 2002 பேட்ச்சின் வாசகம், 'பிரைட் இன் ஆல் வீ டூ'. 'டூ' என்று முடிகிறது ஆண்டும். 2003க்கு 'புரொடெக்டர்ஸ் ஆஃப் தி ஃப்ரீ'. 2005க்கு 'கீப்பிங் ஃப்ரீடம் அலைவ்'. 2008க்கு 'நோ மிஷன் டூ கிரேட்'. எனக்கு ஒரே சந்தோஷம். அடியின் கடைசியில் ஓசை ஒன்றி வருவதை நாம் இயைபு என்போமே, அதுதான்! செய்யுள் இலக்கணத்தை ஒரு படைக்கல்லூரி இவ்வளவு சிரத்தையாகக் காப்பாற்றுகிறது என்று அவரிடம் சொன்னேன். மகள் மொழிபெயர்த்ததும் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

அந்த 2005 பேட்ச்சை மறுபடி நினைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் சேர்ந்தது 2001 கோடையில். சேர்ந்த சில வாரங்களில் செப்டம்பர் 11. இங்கிருந்து ஆற்றோடு தெற்கே போனால் அந்த நகரம். அமைதிக் காலத்தில் உள்ளே வந்த பிள்ளைகள், போர்க் காலத்தில் வெளியே போனார்கள். 'விடுதலையை உயிரோடு வைத்திருப்போம்' என்ற பொருளில் அவர்கள் எடுத்துக்கொண்ட வாசகத்தை ஓசைக்காக மட்டும் எடுத்ததாக என்னால் நினைக்க முடியவில்லை.

அமெரிக்காவில் பட்டம் பெறும் பேட்ச்சுக்கு மோதிரம் போடும் வழக்கமே இங்கே 1835இல் தொடங்கியது. இன்று ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்கள்கூடப் போடுகின்றன. நடுவில் 1836 பேட்ச் போட்டுக்கொள்ளவில்லை. 1879 பேட்ச் மோதிரத்துக்குப் பதிலாகச் சட்டைக் கைப்பொத்தான் செய்துகொண்டது. மற்றபடி விட்டுப்போனதில்லை. கடைசி ஆண்டின் தொடக்கத்தில் மோதிரம் கையில் வரும். வந்த அன்று முதலாண்டுப் பிள்ளைகள் சீனியர்களைச் சூழ்ந்துகொண்டு, 'ஆஹா என்ன அழகான மோதிரம்' என்கிற மாதிரி ஒரு நீண்ட பாட்டை ஒப்பித்துத் தொட்டுப் பார்க்கக் கெஞ்சுவார்களாம். அந்தப் பாட்டைப் பெரியவர் இந்த வயதிலும் மூச்சு விடாமல் ஒப்பித்தார். அடுத்த மேசையிலிருந்த மூன்று பேரும் கடைசி வரியில் சேர்ந்துகொண்டார்கள்.

பிறகு அவர் சொன்னதுதான் நான் இவ்வளவு தூரம் வந்ததற்குக் கிடைத்தது. மோதிரத்தை இடது கையில் மாட்டிக்கொண்டு காட்டினார்.

"பட்டம் வாங்கும்வரை பேட்ச் சின்னம் உள்பக்கம், இதயத்தை ஒட்டி இருக்க வேண்டும். பட்டம் வாங்கிய அன்று மோதிரத்தைத் திருப்பிப் போடுவோம். அப்போதிலிருந்து அகாடமியின் சின்னம் இதயத்தின் பக்கம்."

"அப்போ பேட்ச் சின்னம்?"

"அது வெளிப்பக்கம். உலகம் பார்க்கிற பக்கம்."

நான் பேசாமல் இருந்தேன். படிக்கும்போது அவர்களைத் தாங்கியது கூடப் படித்தவர்கள்தான். இரவில் அழுதபோது பக்கத்துக் கட்டிலில் இருந்தவன்தான். அதனால் அவர்களின் சின்னம் நெஞ்சுக்குப் பக்கத்தில். வெளியே போனதும் அந்த ஆயிரம் பேரும் எங்கெங்கோ சிதறுகிறார்கள். அப்போது நெஞ்சுக்குப் பக்கத்தில், 1802லிருந்து வந்த எல்லோருக்கும் பொதுவான சின்னம். ஒரு சின்ன மோதிரத்தைத் திருப்பிப் போடுவதில் இதையெல்லாம் சொல்லிவிடுகிறார்கள். அவருடைய மோதிரத்தில் வெளிப்பக்கம்தான் தேய்ந்திருந்தது. கதவு, மேசை, ஸ்டியரிங் என்று உலகத்தில் உரசியது அந்தப் பக்கம்.

இறந்தவர்களின் மோதிரம் என்னாகும் என்று கேட்டேன். அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 2002 பேட்ச் தொடங்கி, இறந்துபோன பழைய மாணவர்களின் மோதிரங்களைக் குடும்பத்தார் கொடையாகத் தருகிறார்கள். ரோட் ஐலண்ட் மாநிலத்தில் அவற்றை ஒன்றாக மூசையில் இட்டு உருக்கி, புதிய தங்கத்தோடு கலந்து அடுத்த பேட்ச்சின் மோதிரங்களை வார்க்கிறார்கள். பல போர்களைக் கண்ட கைகளின் தங்கம், இருபது இருபத்தொரு வயதுப் பிள்ளையின் விரலில் வந்து சேர்கிறது. பெரியவருடைய அறைத்தோழரின் மோதிரத்தை, அந்தத் தோழரின் மனைவி சில ஆண்டுகளுக்கு முன் கொடுத்துவிட்டாராம்.

என் பாட்டியின் அட்டிகையை எங்கள் ஊர்ப் பத்தரிடம் கொடுத்து உருக்கித்தான் என் மகளுக்குக் காது குத்தும்போது தோடு செய்தோம். அதை அவரிடம் சொன்னேன். மகள் தன் காதைத் தொட்டுக் காட்டினாள். அவர் குனிந்து அந்தத் தோட்டைப் பார்த்தார். சட்டென்று ஒன்றும் சொல்லவில்லை.

"ஆனா உருக்கினா உங்க பேட்ச் சின்னம் போயிடுமே" என்றேன். எனக்கு அதுதான் மனதில் குடைந்துகொண்டிருந்தது. வாளின் முனை தரையைப் பார்க்க வேண்டும் என்று சண்டை போட்டு வரைந்தது.

"போகும். அது எங்களுடையது, எங்களோடு போகட்டும். தங்கம் அவர்களுக்கு." தன் மோதிரத்தையும் எழுதி வைத்துவிட்டதாகச் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். புதிதாகச் சேரும் ஒவ்வொரு பேட்ச்சோடும், அவர்களுக்குச் சரியாக ஐம்பது ஆண்டு மூத்த பேட்ச் ஒன்றைச் சேர்த்துவைக்கிறார்கள். முதல் கோடைப் பயிற்சி முடிந்து பிள்ளைகள் முகாமிலிருந்து நடந்தே அகாடமிக்குத் திரும்பும்போது, எழுபதைத் தொட்ட இந்தப் பெரியவர்கள் அவர்களோடு நடப்பார்கள். அவரும் நடந்தாராம், முழங்காலில் பட்டை போட்டுக்கொண்டு. "என் பக்கத்தில் நடந்த பெண் என் மோதிரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கேட்கக் கூச்சம். நானே கழற்றிக் கொடுத்தேன், உங்களுக்குக் கொடுத்த மாதிரி."

அவர்கள் கிளம்பும்போது நான் எழுந்து நின்றேன். ஏனென்று தெரியாது, அப்பாவின் நண்பர்கள் வீட்டுக்கு வந்து போகும்போது நிற்பதுபோல நின்றுவிட்டேன்.

நான்காம் நாள்: கேரிசன்

திரும்பும் வழியில் பேர் மவுண்டன் பாலம் வழியாக ஆற்றைக் கடந்து எதிர்க்கரைக்குப் போனோம். கேரிசன் என்ற சிறிய ரயில் நிலையம். நீரோரம் வந்து நின்றால் மறுகரையில் வெஸ்ட் பாயின்ட் முழுவதும் ஒரே பார்வையில் தெரிகிறது. சாம்பல் நிறக் கட்டடங்கள் பாறையிலிருந்தே முளைத்தது போல இருந்தன. மேலே தேவாலயக் கோபுரம். காலை வெயிலில் மலை முழுக்கச் சிவந்திருந்தது. நேற்று இரவு மழை பெய்ததால் காற்றில் ஈர இலை வாசனை.

நேற்று இரவே ஊருக்குப் போன் போட்டு அண்ணனிடம் அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லியிருந்தேன். நாங்கள் ஆற்றங்கரையில் நின்றபோது வாட்ஸாப்பில் படம் வந்தது. ஒரு வெள்ளைத் துண்டின் மேல் அந்தப் பித்தளைச் சின்னம். கறுத்துப்போயிருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாள்களின் கைப்பிடி தெளிவாக இருக்கிறது. யானையின் கண் இல்லை. துதிக்கையின் மடிப்புகள் இல்லை. நான் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய இடம் அது.

உடனே அண்ணன் கூப்பிட்டான்.

"பாத்தியா? ரொம்பக் கறுத்துக் கெடக்கு. புளி போட்டுத் தேய்ச்சு, பிராசோ வாங்கிப் பளபளன்னு ஆக்கி வைக்கட்டுமா? நீ வரும்போது பாக்கலாம்."

"வேணாண்ணா. அப்படியே வை. துணியில சுத்தி வை, தேய்க்காத."

"ஏன், அப்பா இருந்தா திட்டுவாரே?"

"திட்டட்டும். நான் வந்து சொல்லிக்கிறேன்."

நியூயார்க் ரயில் வந்து நின்று போனது. ஒருவர் மட்டும் இறங்கினார்.